தாத்தாவின் ரெக்கார்டியோ: முதலில் தட்டு, அப்புறம் பெட்டி

கேள்வி: தாத்தா 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியபோது ‘ரெக்கார்டியோ’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். ரேடியோ பாடும், மைக்கில் பேசினால் தட்டிலும் பதியும். பல வருடங்களாகப் பரணில் கிடந்தது. கூடவே ஆறு தட்டுகள் இருக்கின்றன. தாத்தா, பாட்டி குரல் அவற்றில் இருப்பதாக அப்பா சொல்கிறார். ஸ்டெப்டவுன் (நம் வோல்டேஜை அமெரிக்க அளவுக்குக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கி ஓட்டிப் பார்க்கலாமா? உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ப்ளூடூத் வைத்துத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். பெட்டியை இப்போதைக்குப் பிளக்கில் செருகவே செருகாதீர்கள். தாத்தாவின் குரலைக் கேட்க அந்தப் பெட்டி தேவையே இல்லை. இதை எந்தக் கடைக்காரரும் உங்களிடம் சொல்லமாட்டார், அதில் அவருக்கு வருமானம் கிடையாது.

தட்டுகளை முதலில் பார்ப்போம். மிச்சிகனில் வில்காக்ஸ்-கே கம்பெனி செய்த இந்த வீட்டு இயந்திரங்களுக்கான தட்டுகள் பெரும்பாலும் அட்டை மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்ற மெல்லிய அரக்குப் பூச்சு பூசியவை. கடையில் விற்ற 78 பிளேட் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டு) போலக் கெட்டியானவை அல்ல. பெட்டியில் உள்ள கனமான ஊசிக் கை ஒவ்வொரு முறையும் குரலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிடும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் பூச்சில் கலந்த விளக்கெண்ணெய் சிதைந்து வெளியே வந்ததாக இருக்கும். தண்ணீர் பட்டால் அட்டை உப்பிவிடும். ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள்.

இப்போதைய டர்ன்டேபிள் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்குங்கள். 78-க்கான ஊசி வேண்டும். பிற்கால எல்பி தட்டுக்கான ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு ஏறத்தாழ 75. எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். அந்த டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையென்றால் கவலை வேண்டாம். 45-இல் ஓட்டிக் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஊசியை விளிம்பில் வைத்ததும் வெளியே தள்ளினால், அது உள்ளிருந்து வெளியே வெட்டிய தட்டாக இருக்கலாம். லேபிளுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே ஓட்டத்தில் பதிவை முடித்துவிட்டுத் தட்டை உறையில் போடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க மின்சாரம் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), நம்முடையது 50. ஸ்டெப்டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. தட்டைச் சுற்றும் மோட்டாரின் வேகம் இந்த சைக்கிளைப் பொறுத்தது. அதனால் 78 சுற்றவேண்டிய தட்டு இங்கே 65 சுற்றுதான் சுற்றும். சரி, தாத்தா கோவையில் வைத்துப் பதிந்திருந்தால்? அந்தத் தட்டு 65-இலேயே வெட்டப்பட்டிருக்கும். அதே பெட்டியில் ஓட்டினபோது சரியாகவே கேட்டிருக்கும், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இன்று 78-இல் ஓட்டினால் தாத்தா கீச்சுக்குரலில் அவசர அவசரமாகப் பேசுவார். தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 78-இல் ஓட்டிய பதிவு என்றால், கணினியில் ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறக்குங்கள். உறையில் ஊர், தேதி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் பதிந்ததும் இங்கே பதிந்ததும் கலந்திருக்கலாம்.

அடுத்தது அந்த ப்ளூடூத் யோசனை. மரப்பெட்டியை மட்டும் விட்டுவிட்டு, சேஸிஸ், வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், வெட்டும் கை (தட்டில் பள்ளம் வெட்டிக் குரலைப் பதியும் கை) எல்லாவற்றையும் “ஸ்கிராப்” என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களிடம் கூலியும் வாங்கிக்கொண்டு, அந்த ஸ்கிராப்பைத் தனித்தனியாக ஆன்லைனில் விற்பார்கள். இன்னொரு கூட்டம் உண்டு: பழைய டிவி, ரேடியோவில் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது, லட்சம் தருகிறோம் என்று வருவார்கள். உங்கள் பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது. அட்வான்ஸ், பரிசோதனைக் கட்டணம் என்று பேச்சு எழுந்ததும் கதவைச் சாத்துங்கள்.

பெட்டியைப் பாட வைக்க முடியும், ஆனால் நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. உள்ளே 300 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர் என்ற, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகத்தில் கரண்ட் தங்கும். ஆகவே நீங்கள் கை வைக்காதீர்கள், வால்வு ரேடியோ தெரிந்த பெரியவர் யாராவது கிடைப்பாரா என்று விசாரியுங்கள். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “சீரீஸ் பல்ப் போட்டுத்தானே முதலில் கரண்ட் கொடுப்பீர்கள்?” (கோளாறு இருந்தால் கரண்ட் அதிகம் பாயாமல் நடுவே மாட்டும் பல்ப் அது.) முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர், பில்டர் கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். “இது நல்லாத்தான் இருக்கு” என்று ஒன்றை விட்டுவைத்தால், அது கரண்டை ஒழுகவிட்டு அவுட்புட் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துத் தின்றுவிடும். இவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், பெரிய விலையில்லை. ஸ்டெப்டவுன் வாங்கும்போது பயணப் பைக்குள் போடுகிற சின்ன கன்வெர்ட்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். வைண்டிங் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், 200 விஏ (வோல்ட்-ஆம்பியர், தாங்கும் சுமையின் அளவு), வெளியே 100-110 வோல்ட் போதும். 50 சைக்கிளில் 60 சைக்கிள் சரக்கு அதிகம் சூடாகும். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் தாங்கும்.

வேகத்தைச் சரிசெய்யக் கோவையில் உங்களுக்கு வழி இருக்கிறது. மோட்டார் தண்டு ரப்பர் சக்கரத்தைத் தொடும் இடத்தின் விட்டத்தை 20 சதவீதம் கூட்ட ஒரு பித்தளை உறை கடைந்து மாட்டவேண்டும். எந்த நல்ல லேத் பட்டறையிலும் செய்வார்கள். ரப்பர் கெட்டியாகியிருக்கும், அதையும் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள்.

வெட்டும் கையை விட்டுவிடுங்கள். வீட்டு இயந்திரங்களில் ஊசியை அசைக்கப் பெரும்பாலும் ரோஷெல் உப்புப் படிகம் இருக்கும். ஈரத்தில் கரையும், 55 டிகிரிச் சூட்டில் செத்துவிடும். நம் ஊர்ப் பரணில் அது பிழைத்திருந்தால் ஆச்சரியம். மாற்று வெளிநாட்டில் கிடைக்கும்தான். ஆனால் தபாலில் வந்தால் சுங்கச் சோதனைக்காகப் பார்சல் கிடங்கில் வாரக்கணக்கில் உட்காரும், “இது என்ன மெஷின், பில் எங்கே” என்று மூன்று மேசைக்கு அனுப்புவார்கள். ஐம்பது கிராம் பொருளுக்கு என்னை ஆள் அடையாளம் காட்டச் சொன்ன இடம் அது. அப்படியே வந்து சேர்ந்தாலும் வெற்றுத் தட்டுக்கு எங்கே போவீர்கள்? இந்தப் பூச்சுத் தட்டைப் பெரிய அளவில் செய்த இரண்டே ஆலைகளில் ஒன்று, கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ், 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. ரேடியோ பாடட்டும், வெட்டும் கை சும்மா இருக்கட்டும். ஆனால் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.