மூட்டைக் கணக்கு பூச்சியத்தில் நிற்பது ஏன்? ரஸ்ட் குளோஷர் பற்றி

வணக்கம். அக்கரைப்பற்று நெற்களஞ்சியத்துக்கு ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியில் நீங்கள் எழுதும் நிரலில், மூட்டைகளைக் கூட்டும் குளோஷரை (தன்னைச் சுற்றியுள்ள மாறிகளையும் பயன்படுத்தக்கூடிய பெயரற்ற சார்பை) மூன்று முறை அழைத்த பின்னும் வெளி மாறி பூச்சியமாகவே நிற்கிறது என்றும், வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் மற்றக் குளோஷர் முதலில் எண்ணை ஏற்றுப் பின்னர் சரத்தை (எழுத்துத் தொடரை) மறுக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதற்சிக்கலுக்குக் காரணம் நீங்கள் சேர்த்த ‘மூவ்’ என்ற சொல்லே; வெளி மாறிகளைக் குளோஷருக்கே உரிமையாக்கச் சொல்வது அது. ஐ32 (32 பிட் முழு எண்) போன்ற எண் வகைகள் ‘காப்பி’ பண்புடையவை, அதாவது கைமாறும்போது பிரதியெடுக்கப்படுபவை, என்பதால், மூவ் அம்மாறியைப் பறித்துக்கொள்ளாமல் அதன் பிரதியொன்றையே குளோஷருக்குள் வைக்கிறது. நீங்கள் கூட்டுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான் சேர்கிறது. களஞ்சியக் கொப்பியைப் படியெடுத்து, புதியதில் வரவு வைத்துவிட்டுப் பழையதில் தொகையைத் தேடுவது போன்றது இது. மூவை நீக்கினால், தொகுப்பான் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) குளோஷரின் உடலைப் பார்த்து, மாறியை மாற்றத்தக்க இரவலாக (உரிமை பெறாமல், மதிப்பை மாற்றும் அனுமதியுடன்) தானே எடுத்துக்கொள்ளும். ஆயினும் குளோஷரின் கடைசி அழைப்பு முடியும்வரை வெளியிலிருந்து அம்மாறியை வாசிக்க இயலாது. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். மூவ் கட்டாயம் தேவையென்றால், தொகையைக் குளோஷரே திருப்பித் தருமாறு எழுதுங்கள்.

இரண்டாவது எளிது: வகை குறிப்பிடாத குளோஷரின் அளபுரு (அது வாங்கும் உள்ளீடு), முதற்பயன்பாட்டிலிருந்து ஒரே வகையாக உறுதியாகிவிடும். இரு வகைகளும் வேண்டுமெனில், வகை அளபுருவுடன் (எந்த வகைக்கும் இடமளிக்கும் குறியுடன்) சாதாரணச் சார்பொன்றை எழுதுங்கள்.