வரியும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம் என்று வாழ முடியுமா?

வரி கட்டாமல், அரசாங்கத்திடம் கையேந்தாமல், சொந்த நிலத்தில் கிணறு வெட்டிக் காய்கறி போட்டு வாழலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் அரசாங்கம் எட்டிப் பார்க்காத வாழ்க்கையை நாங்கள் தோட்டத்தில் வாழ்ந்து பார்த்துவிட்டோம்.

நான் பிறந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தனியார் நிலம் என்பதால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வந்த கரண்டும் குழாய்த் தண்ணீரும் எங்களுக்கு வரவில்லை. தண்ணீர், விளக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்து எல்லாம் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படிப்பு.

ஒருநாள் மரம் சீவப் போன அப்பா சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தோட்டத்து மருந்து உதவியாளரான டிரசர் பலகை வைத்துக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக லோரி வேண்டும், லோரிக்குத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும், துரையோ வெளியூரில். மறுநாள் மத்தியானம் வரை அப்பா வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் பாயில் கிடந்தார். வீங்கிப் பளபளத்த அந்தக் காலை அம்மா ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். யாரிடம் போய்க் கேட்பது? வீடு, வேலை, மருந்து மூன்றும் ஒரே ஆள் கையில்.

பிறகு தோட்டம் கைமாறியது. மூன்று தலைமுறை இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது எங்களிடம் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. நீங்கள் சொல்லும் சொந்த நிலமும் அரசாங்கப் பத்திரம் இருந்தால்தானே சொந்தம்? அதற்கு வருஷா வருஷம் நிலவரி உண்டு. கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு நாமே செய்துகொள்ள முடியாதா என்றால், முடியும். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்து பத்து வெள்ளியாக (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சேர்த்த பணம் அது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அதுவும் சட்டப்படி பதிந்த சங்கம்தான். ஆஸ்பத்திரி கட்டும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனால் 5 வெள்ளி, மருந்தும் அதிலேயே அடக்கம். மீதியைக் கொடுப்பது ஊரார் வரிப்பணம். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத தொழிலாளியும் கடையில் சாமான் வாங்கும்போது வரி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் அந்த மருந்து தர்மம் இல்லை, அவருடைய பங்கு.

குறை இல்லாமல் இல்லை. போன மாதம் ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொன்றுக்குத்தான் டாக்டரைப் பார்த்தேன். கோபத்தில் ஒரு பக்கம் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அப்பாவின் காலுக்காக அப்படி ஒரு வரி எழுதிப் போட தோட்டத்தில் பெட்டி இல்லை.