லேடி எட்வினாவா, லேடி மவுண்ட்பேட்டனா?

அன்புள்ள சார்,

1947 கோடைகால டெல்லியை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வைஸ்ராயின் மனைவியை எல்லோரும் 'லேடி எட்வினா' என்றும், மகளை 'லேடி பமீலா' என்றும் கூப்பிடுகிறார்கள். படித்துப் பார்த்த நண்பர் முதலாவது தப்பு, இரண்டாவது சரி என்கிறார். ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஒரு விதி, மகளுக்கு வேறு விதியா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கதை கோடையில் நடக்கிறதென்றால் இரண்டுமே தப்பு.

பிரிட்டிஷ் பிரபுக்கள் வழக்கப்படி, 'லேடி'யை அடுத்து ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் வரவேண்டுமானால் அவருடைய அப்பா டியூக், மார்க்வெஸ், ஏர்ல் என்ற மேல்படிப் பிரபுக்களில் ஒருவராக இருக்கவேண்டும். வைகவுண்ட், பாரன் இரண்டும் அவற்றுக்குக் கீழ்ப்படி. கணவர் வழியாக வந்த லேடி என்றால் கணவர் பெயர்தான் ஒட்டும். எட்வினாவின் அப்பா பின்னாளில் பாரன் ஆனவர். பாரனின் மகளுக்கு லேடி கிடையாது. அதனால் எட்வினா எந்தக் காலத்திலும் 'லேடி எட்வினா' இல்லை.

1922இல் அவருக்குக் கல்யாணம் ஆனபோது கணவர் ஒரு மார்க்வெஸின் இளைய மகன், லார்ட் லூயி. ஆகவே மனைவி 'லேடி லூயி மவுண்ட்பேட்டன்'. ஆமாம், புருஷன் பெயரேதான், முதல் பெயரோடு சேர்த்து. 1946இல் கணவர் வைகவுண்ட் ஆன பிறகுதான் அந்த லூயி போய் 'லேடி மவுண்ட்பேட்டன்' ஆனார். நமக்கும் இது புதிதல்ல. மயிலாப்பூரில் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி இருக்கிறதே, அதன் பெயர்ப்பலகையில் இருப்பது சர் பட்டம் வாங்கிய கணவரின் பெயர். அந்த அம்மாளின் பெயரைப் பலகையில் தேடினாலும் கிடைக்காது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

பமீலா விஷயத்துக்கு வருவோம். வைகவுண்டின் மகளுக்கு 'ஹானரபிள்' என்ற அடைமொழி உண்டு, அதுவும் காகிதத்தில் மட்டும். நேரில் பேசும்போது வெறும் மிஸ் மவுண்ட்பேட்டன். அப்பா ஏர்ல் ஆனது 1947 அக்டோபரில். லேடி பமீலா அதற்கப்புறம்தான். ஆனால் அப்பா வழியில் வந்த அந்த லேடி கல்யாணத்தோடு போகவில்லை. 1960இல் டேவிட் ஹிக்ஸை மணந்தபின் லேடி பமீலா ஹிக்ஸ் ஆனார். மிஸஸ் ஹிக்ஸ் ஆகவில்லை.

அந்த வீட்டு மூத்த மகள் பட்ரீஷியாவின் கதைதான் இன்னும் சுவாரசியம். மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லை. பட்டம் மகளுக்குப் போகும்படி தனி ஏற்பாடு செய்திருந்தார்கள். 1979இல் அவர் கொல்லப்பட்டதும் பட்ரீஷியா தன் சொந்த உரிமையில் கவுண்டெஸ், அதாவது பெண் ஏர்ல் ஆனார். கணவர் ஏர்ல் ஆனாரா? இல்லை. அவர் ஏற்கெனவே பாரன், கடைசிவரை லார்ட் பிராபோர்ன்தான். கணவன் பட்டம் மனைவிக்கு ஒட்டும், மனைவி பட்டம் கணவனுக்கு ஒட்டாது.

சரி, உங்கள் நாவலுக்கு. வைஸ்ராய் மாளிகைப் பணியாளர்கள் எட்வினாவிடம் 'யுவர் எக்ஸலென்சி' என்று பேசட்டும். விருந்துக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் பேசும்போது 'லேடி மவுண்ட்பேட்டன்' என்று சொல்லட்டும். நேருவுக்கு அவர் வெறும் எட்வினா. கதைசொல்லியான உங்களுக்கும் அப்படியே இருக்கலாம், அங்கே எந்த நெறிமுறையும் கிடையாது. பமீலாவை மட்டும் அக்டோபர் அத்தியாயம் வரை மிஸ்ஸாகவே விட்டுவையுங்கள்.