பொள்ளிலூரை வென்றது ராக்கெட் மட்டும்தானா?

கேள்வி: 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயர் தோற்றது மைசூர் ராக்கெட்டுகளால்தானா?

ராக்கெட்டுகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் வெற்றி முழுவதையும் அவற்றின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படி எழுதினால் ஹைதர் அலியும் திப்புவும் செய்த அருமையான வேலை மறைந்துபோகிறது.

முதலில் ஆயுதத்தைப் பார்ப்போம். ஐரோப்பியர் அப்போது வைத்திருந்த வாணங்களின் குழல் அட்டையால் ஆனது. மைசூர்க்காரர்களுடையது இரும்புக் குழல். ஒரு சாண் நீளம் இருக்கும். அதில் வெடிமருந்தைக் கெட்டியாக இடித்து நிரப்பி, நீண்ட மூங்கில் கழியில் தோல்வாரால் இறுகக் கட்டுவார்கள். கழிக்குப் பதிலாக வாள் அலகைக் கட்டியதும் உண்டு. இரும்பு என்பதால் உள்ளே அழுத்தம் கூடினாலும் குழல் பிளக்காது. அதனால் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்துபோய் விழும். ஆனால் குறி தப்பும். காற்றடித்தால் திசை மாறும், தரையில் விழுந்தாலும் சீறிக்கொண்டே ஓடும். குதிரைகளும் வண்டி மாடுகளும் மிரள அது போதும். ஒற்றை ஆளைக் குறிவைக்க அது ஆகாது. பெருங்கூட்டம் ஓரிடத்தில் நெருங்கி நின்றால்தான் அதன் முழு பலமும் தெரியும்.

அப்படி ஒரு கூட்டம் பொள்ளிலூரில் எப்படிக் கிடைத்தது என்பதுதான் முக்கியம். ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் பெய்லி வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து வந்து, காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும். கொற்றலை ஆற்றை அன்றே கடக்காமல் வடகரையில் முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. பல நாள் வீண். செப்டம்பர் 6-ஆம் தேதி பெரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்துச் சண்டையிட்டார். மன்றோவோ காஞ்சிபுரத்தை விட்டு அசையவில்லை. 1764-இல் பக்சார் போரை வென்ற அதே மன்றோதான். கர்னல் பிளெச்சரோடு கொஞ்சம் படையை மட்டும் அனுப்பிவைத்தார். 9-ஆம் தேதி இரவு புறப்பட்ட பெய்லி, சில மணி நேரம் நடந்தால் மன்றோவை அடைந்துவிடலாம் என்ற நிலையில், நடுவழியில் விடியும்வரை நின்றுவிட்டார். என்னைக் கேட்டால் போரின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த இரவை ஹைதர் வீணாக்கவில்லை. மன்றோவை விட்டுத் தன் பெரும்படையைப் பெய்லி பக்கம் திருப்பினார்.

10-ஆம் தேதி காலையில் எல்லாப் பக்கமும் பீரங்கி, ராக்கெட், குதிரைப்படை. அதன் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அவற்றைக் கொளுத்தியது ராக்கெட்டா பீரங்கிக் குண்டா என்பதில் அந்தக் காலத்துக் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. எதுவானாலும், மருந்து தீர்ந்த படை சதுர வியூகத்தில் நெருக்கியடித்து நின்றது. பிளெச்சர் மாண்டார், பெய்லி சிறைப்பட்டார். மன்றோ தோல்விச் செய்தி கேட்டதும் கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

சரி, ராக்கெட்தான் எல்லாம் என்றால் அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? 1781 ஆகஸ்ட் 27-இல் அதே பொள்ளிலூரில் ஹைதர் மறுபடி மோதினார். எதிரே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். அதற்கு முந்தைய மாதம்தான் பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்திருந்தார். இந்த முறை மைசூர்ப் படையால் எதிரியை வளைத்து நிறுத்த முடியவில்லை. மாலையில் ஹைதர்தான் களத்தை விட்டு விலகினார்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் தன் ராக்கெட்டை உருவாக்க அவை வழிகாட்டின. 1807-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் மீது காங்கிரீவின் ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் ஏவினார்கள். அங்கே இலக்கு ஒரு நகரம். குறி தப்பினாலும் ஏதாவது ஒரு கூரை மேல்தானே விழும்.