1,847 பிழைகளும் ஒரு மெதுவான கணினியும்: வாசகர் கேள்வி-பதில்

கணினியைச் 'சுத்தம்' செய்யும் மென்பொருள்களைப் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளை ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். வைரஸ் தாக்கிய கணினி அவற்றில் ஒன்றுகூட இல்லை. பயமுறுத்தப்பட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். மெதுவாக இருக்கிறதே என்று இலவச கிளீனர் ஒன்றைப் போட்டேன். 1,847 பிழைகள் என்று சிவப்பில் காட்டியது. சரிசெய்யச் சொன்னேன். மறுநாள் மறுபடி 912 பிழைகள்! மிச்சத்தைச் சரிசெய்யப் பணம் கட்டச் சொல்கிறது. கணினி கெட்டுவிட்டதா சார்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

கெடவில்லை ஐயா. பணமும் கட்ட வேண்டாம்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் விவரம் காட்டும் பட்டன் இருக்கும், அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் குக்கிகளாக இருக்கும், அதாவது இணையதளங்கள் உங்கள் பிரவுசரில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே பத்து இருபது குக்கி வந்து உட்காரும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் 'பிழை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மறுநாளும் பேப்பர் படித்திருப்பீர்கள், அதனால் மறுநாளும் வந்துவிட்டன. அடுத்தது தற்காலிக ஃபைல்கள். மூன்றாவது, ரிஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய பதிவுகள்.

ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பேரேடு. ஒரு மென்பொருளை நீக்கினால் அதன் சில வரிகள் அதில் தங்கிப்போகும். கடைப் பேரேட்டில் ஊரைவிட்டுப் போன வாடிக்கையாளர் பெயர் அடிக்காமல் கிடந்தால் வியாபாரம் நின்றுவிடுமா? விண்டோஸ் அந்தப் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. தனக்கு வேண்டிய வரி எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய் எடுக்கும். லட்சக்கணக்கான வரிகளில் சில நூறை அழிப்பதால் வேகம் கூடாது. மைக்ரோசாஃப்ட்டே 1990களில் ரெக்கிளீன் என்று இப்படி ஒரு கருவி வைத்திருந்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று இன்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சிவப்பு எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத் தொடர், கடைக்கு வரும் கணினிகளுக்கு இலவசச் சோதனை செய்து கொடுத்தது. சோதனை தொடங்கும்போதே, 'கணினி மெதுவாக இருக்கிறதா', 'பாப்-அப் வருகிறதா' என்பது போல நான்கு கேள்விகள் கேட்பார்கள். ஒன்றுக்கு டிக் அடித்தாலும் போதும், வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். சோதனையில் என்ன கிடைத்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்றது அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம். 2019இல் அந்தக் கடைத் தொடர் 2.5 கோடி டாலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டின.

சரி, கணினி ஏன் மெதுவாக இருக்கிறது? டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க் என்பதைப் பாருங்கள். எச்டிடி என்று இருந்து, கணினியைப் போட்ட பத்து நிமிடத்துக்கு 100 சதவீதத்திலேயே நின்றால், காரணம் அந்தப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு சாட்டா வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கிளீனருக்கு வருடாவருடம் கட்டும் சந்தாவை இந்தச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்கிவிடுங்கள். என் அனுபவத்தில் 'கணினி செத்துவிட்டது' என்று கொண்டுவரப்படும் பழைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு மாற்றத்தோடு இன்னும் சில வருடம் ஓடுகின்றன.

ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்த பிறகு டேலி திறக்கவில்லை. பிரின்டரும் இல்லை என்கிறது. ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி

முதலில் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் வேறு, கணக்கு வேறு. ரிஜிஸ்ட்ரி வரி அழிந்தால் மென்பொருள் திறக்காமல் போகும். கணக்கு ஃபைல்கள் தனி ஃபோல்டரில் இருப்பவை, அவற்றை ரிஜிஸ்ட்ரி சுத்தம் தொடாது. வேறு எதையும் செய்வதற்கு முன்னால் அந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். அதை வேறொரு கணினியில் சொருகி, ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் மற்றது.

இனி வரிசையாக. கிளீனர் அழிப்பதற்கு முன் 'பேக்கப் எடுக்கவா?' என்று கேட்டிருக்கும். ஆம் என்று சொல்லியிருந்தால், 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரிலோ அந்த கிளீனரின் 'ரீஸ்டோர்' பகுதியிலோ அது இருக்கும். தேதி பார்த்து இரட்டைக் கிளிக் செய்து சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும்.

பேக்கப் இல்லையென்றால், விண்டோஸின் அமைப்புகளைப் பழைய தேதிக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். கன்ட்ரோல் பேனலில் 'ரீகவரி' என்று தேடினால் வரும். சுத்தம் செய்த நாளுக்கு முந்தைய தேதி ஒன்று பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலே காலியாக இருந்தால் உங்கள் கணினியில் அந்த வசதி பெரும்பாலும் அணைந்து கிடக்கிறது என்று அர்த்தம். பல கணினிகளில் அப்படித்தான் கிடக்கிறது. முன்பு விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியைத் தானாகவே நகல் எடுத்து வைக்கும். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. இரண்டும் கைகொடுக்காவிட்டால் டேலியையும் பிரின்டர் டிரைவரையும் அவரவர் நிறுவனத் தளத்திலிருந்து இறக்கி, இருப்பதன் மேலேயே மறுபடி நிறுவுங்கள்.

நான் கணினி பழுது பார்க்கத் தொடங்கிய காலத்தில் எல்லாக் கணினிக்கும் வழக்கமாக ரிஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டித்தான் கொடுப்பேன். ஒரு ஸ்டுடியோக்காரரின் ஆல்பம் மென்பொருள் அதில் படுத்துவிட்டது. மறுநாள் காலை முகூர்த்தம். விடிய விடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவிக் கொடுத்தேன். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

சுத்தம் செய்ததிலிருந்து தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை. என்எச்எம் ரைட்டர் அழிந்துவிட்டதா?
டிடிபி பணியாளர், சிவகாசி

அழியவில்லை. 'தேவையில்லாத ஸ்டார்ட்-அப்' என்று நினைத்து கிளீனர் அதை முடக்கியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்-அப்' பக்கம் போய் அதன் பெயர் மேல் வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் மறுபடி வந்துவிடும். வெளிநாட்டு கிளீனர்களுக்கு நம் தட்டச்சு மென்பொருள்கள் அறிமுகமில்லாதவை. இனிமேல் அந்தப் பட்டியலை நீங்களே பார்த்து டிக் எடுங்கள்.

எல்லா கிளீனரையும் நீக்கிவிட்டேன். ஆனாலும் திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று மணிக்கொரு தரம் வருகிறது.
இல்லத்தரசி, மதுரை

அது உங்கள் கணினி சொல்வது இல்லை அம்மா, ஏதோ ஓர் இணையதளம் அனுப்புவது. என்றைக்கோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்' என்று வந்திருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அன்று கொடுத்த அனுமதிதான் இது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். பாப்-அப் அதோடு நின்றுவிடும். அதில் தெரியும் எண்ணுக்கு மட்டும் தயவுசெய்து போன் செய்யாதீர்கள். எடுப்பவர் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி, கணினியைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே அப்படிப் பேசிப் பணமும் போயிருந்தால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

தங்கையின் கல்யாணப் படங்களை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்திருந்தேன். கிளீனர் மொத்தமாக அழித்துவிட்டது. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. மீட்க முடியுமா?
கல்லூரி மாணவர், கரூர்

இதைப் படிக்கும்போது அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறது. அது உங்கள் படங்கள் இருந்த இடமாகவும் இருக்கலாம்.

அடுத்து, மென்பொருளைத் தேடுவதற்கு முன் மனிதர்களைத் தேடுங்கள். படமெடுத்த ஸ்டுடியோவில் மூலப்படங்களை இன்னும் வைத்திருக்கக்கூடும், இன்றைக்கே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை என்றால் அனுப்பியவரின் போனில் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அதன் இணையதளத்தில் தனி ரீசைக்கிள் பின் உண்டு. சொந்தக் கணக்கில் 30 நாள் வரை அழிந்தவை அங்கே இருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க் என்பதைப் பொறுத்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் அதன் பெயர்ப்பதிவுதான் போகும். வேறொன்று மேலே எழுதப்படும் வரை படம் அங்கேயே கிடக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் ஃபைல் ரீகவரியை அங்கே நிறுவி ஓட்ட வேண்டும். மீட்பதை இன்னொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். கட்டளை தட்டச்சு செய்யும் வகைக் கருவி அது, பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாய்ப்பு மிகக் குறைவு. அழித்ததும் அந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பிவிடும். எஸ்எஸ்டி தானாகவே அதைத் துடைத்து வைத்துக்கொள்ளும். 'நிச்சயம் மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இப்படி ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், டிஸ்க் கிளீன்-அப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸையும் சேர்த்துவிட்டது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டே பழகியவர்கள் அப்போதும் ஃபைல்களை இழந்தார்கள்.

ரேம் பூஸ்டர் போட்டால் நிஜமாகவே வேகம் கூடுமா?
தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

கூடாது. அது நினைவகத்தில் இருப்பதை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகிறது. மீட்டரில் எண் குறையும், பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த நிமிடம் குரோமுக்குப் போனால் தள்ளியதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும். நீக்கிவிடுங்கள்.

கிளீனரை நீக்கப் பார்த்தால் 'மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கிறது' என்கிறது. எப்படியோ நீக்கினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்பி வருகிறது. போதாததற்கு கார்டில் வருடச் சந்தாவும் பிடித்துவிட்டார்கள்.
போக்குவரத்து ஊழியர், திருச்சி

கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள அதன் சின்னத்தில் வலது கிளிக் செய்து 'எக்ஸிட்' கொடுத்துவிட்டு நீக்கிப் பாருங்கள். நடக்கவில்லையா? ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் சேவைகளை மறைக்கும் பெட்டிக்கு முதலில் டிக் போடுங்கள். மிச்சமிருப்பதில் கிளீனரின் பெயரை மட்டும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் நீக்குங்கள். பலரும் உடனே சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை) போகச் சொல்வார்கள். அங்கே விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை ஓடாது, அதனால் சில மென்பொருள்கள் அங்கே நீங்காது. லேப்டாப்பில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் சாவி கேட்டு நிற்கவும் கூடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் 'டாஸ்க் ஷெட்யூலர்'. அதன் லைப்ரரியில் கிளீனர் பெயரில் இருக்கும் வேலைகளை அழியுங்கள். கிளீனரோடு சேர்ந்து வந்த பிரவுசர் எக்ஸ்டென்ஷனையும் எடுத்துவிடுங்கள். கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி தகவல் அனுப்பியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமையும் உண்டு. பழைய எஸ்எம்எஸ்களைத் தேடுங்கள். வங்கியின் செயலியில் 'மேன்டேட்' (தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதி) பட்டியலிலிருந்து அந்தச் சந்தாவை நீக்குங்கள். முன்தகவல் வரவே இல்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நிறுவனத்திடம் பணம் திரும்பக் கேட்டு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

அப்படியானால் எந்த கிளீனரைத்தான் போடுவது? சிகிளீனர் போடலாமா?
பலர்

வீட்டுக் கணினிக்குத் தனியாக ஒன்று வேண்டாம் என்பதுதான் என் பதில். சிகிளீனர் பெயர் பெற்ற மென்பொருள். ஆனால் 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பிலேயே யாரோ தீங்கு நிரலைச் சொருகிவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கிய சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம்தான் வெளியே தெரிந்தது. கணினியின் மூலை முடுக்கெல்லாம் கை வைக்க அனுமதி பெற்ற மென்பொருள் ஒன்று கூடும்போது ஆபத்துக்கும் ஒரு வாசல் கூடுகிறது.

இடம் போதவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' திறங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 'முந்தைய விண்டோஸ்' என்று பல ஜிபி காட்டும். எல்லாம் நன்றாக ஓடினால் அழிக்கலாம், விட்டாலும் பத்து நாளில் தானே போய்விடும். அதே பக்கத்தில் இருக்கும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியை இயக்கி வைத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அதில் டவுன்லோட்ஸ் என்ற வரிக்கு மட்டும் 'நெவர்' என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.