மன்னிக்காமல் திரும்பி வந்தவள்

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் அனிமேஷன் தொடரின் மூன்றாம் பருவத்தில் வரும் ‘தி சதர்ன் ரெய்டர்ஸ்’ அத்தியாயத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் ஒவ்வொன்றும் விரிவான பதிலைக் கோருவதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை உடலசைவால் இயக்கத் தெரிந்த மனிதர்கள் வாழும் கற்பனை உலகில், நெருப்பு நாடு மற்றவர்கள் மீது நூறாண்டுகளாகப் போர் நடத்திவருகிறது. தென்துருவ நீர்க்குடியைச் சேர்ந்த கட்டாரா சிறுமியாக இருந்தபோது அவளுடைய தாய் கையாவை நெருப்பு நாட்டுக் கடற்படைத் தலைவன் ஒருவன் கொன்றுவிட்டான். அந்த நாட்டின் இளவரசனாக இருந்து, பின்னர் மனம் மாறிக் கட்டாராவின் குழுவில் சேர்ந்த ஜூக்கோ, அவளுடைய நம்பிக்கையைப் பெறுவதற்காக, கொன்றவனைக் கண்டுபிடிக்கத் துணைபோகிறான். கொலையாளியின் பெயர் யான் ரா. கட்டாரா அவனைக் கண்டுபிடிக்கிறாள், ஆனால், கொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை.

கேள்வி: இரண்டு பருவங்களுக்கு மேலாக அன்பும் பொறுப்பும் மிக்கவளாகக் காட்டப்பட்ட கட்டாரா, இந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் திடீரென்று ஈவிரக்கமற்றவளாக மாறுவது பாத்திரப்படைப்பில் நேர்ந்த சறுக்கல் அல்லவா?

பதில்: நான் அப்படிக் கருதவில்லை. அவளுடைய அன்பும் இந்த அத்தியாயத்தில் வெளிப்படும் சினமும் ஒரே இழப்பிலிருந்து பிறந்தவை என்பதைத் தொடர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது. இதே பருவத்தின் ‘தி ரன்அவே’ அத்தியாயத்தில், அம்மாவின் முகத்தை நினைவுபடுத்திப் பார்க்கும்போதெல்லாம் தங்கையின் முகமே தோன்றுவதாக அண்ணன் சோக்கா சொல்வதை நினைத்துப் பாருங்கள். தாய் விட்டுச்சென்ற இடத்தில் தானே போய் நின்றுகொண்ட சிறுமி அவள். சமைத்தாள், அனைவரையும் அதட்டினாள், காயங்களை ஆற்றினாள். தன் துயரத்தை இறக்கிவைக்க மட்டும் அவளுக்கு ஒருபோதும் நேரம் வாய்க்கவில்லை. எனவேதான், கொலையாளியைத் தேடிப் போவதைத் தடுக்க முயலும் சோக்காவிடம், தான் நேசித்த அளவுக்கு அவன் அம்மாவை நேசிக்கவில்லை என்று அவளால் சொல்ல முடிகிறது. தொடர் முழுவதிலும் அவள் வாயிலிருந்து வந்த மிகக் கொடிய சொல் அதுதான் என்பேன். தாயை இழந்த மகனிடம், அவனோடு சேர்ந்தே அதே தாயை இழந்த மகள் சொல்லும் சொல் அது. அதைக் கேட்டுச் சோக்காவின் முகம் வாடும்போது, நமக்குக் கட்டாராவின் மீது கோபம் வருகிறது. அந்தக் கோபம் வரவேண்டும் என்றே காட்சி எழுதப்பட்டிருக்கிறது.

ஜூக்கோவின் மீது அவள் காட்டும் வெறுப்புக்கும் வலுவான முன்கதை உண்டு. இரண்டாம் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், இருவரும் நிலத்தடிச் சிறையில் அடைபட்டிருந்தபோது, அவன் முகத்துத் தழும்பை ஆற்ற அவள் தன்னிடமிருந்த அரிய நீரைப் பயன்படுத்தவும் முன்வந்தாள். தாயை இழந்தவர்கள் என்ற ஒற்றுமைதான் அங்கே அவர்களை இணைத்தது. சற்று நேரத்திலேயே அவன் தன் தங்கை அசூலாவின் பக்கம் சாய்ந்தான். அதையடுத்து நடந்த சண்டையில், நான்கு ஆற்றல்களையும் இயக்கவல்ல ‘அவதார்’ ஆன சிறுவன், கட்டாராவின் தோழன் ஆங் உயிரிழக்கும் நிலைக்குப் போனான். குழுவில் மற்ற அனைவரும் ஜூக்கோவை ஏற்றுக்கொண்ட பிறகும் அவள் மட்டும் ஏற்க மறுப்பது, அவனை முதலில் நம்பியவள் அவளே என்பதால்தான்.

கேள்வி: யான் ரா முதுமை அடைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்ததால்தானே கட்டாரா அவனை விட்டுவிட்டாள்? அவன் வலிமையோடு எதிர்த்து நின்றிருந்தால் கொன்றிருப்பாள் அல்லவா? அப்படியானால் இதில் அறம் எங்கே இருக்கிறது?

பதில்: வந்த கேள்விகளில் இதுவே மிகக் கூர்மையானது. நீங்கள் சொல்வதுபோல அவன் ஆயுதத்தோடு பாய்ந்திருந்தால், அவள் கொன்றிருக்கக்கூடும். ஆனால், அப்போது அது தற்காப்பாகிவிடும். கொல்லலாமா கூடாதா என்ற கேள்வியே எழாமல் சண்டைக்காட்சி அதை விழுங்கிவிடும். இதிகாசச் சாயல் கொண்ட கற்பனைக் கதைகளில் பலமுறை நடப்பது இதுதான்: நாயகன் இரக்கம் காட்டித் திரும்புவான், வில்லன் முதுகில் குத்த முயல்வான், அந்த முயற்சியிலேயே செத்து விழுவான், நாயகனின் கை கறைபடாது. இந்த அத்தியாயம் அந்தச் சலுகையைக் கட்டாராவுக்குத் தரவில்லை. யான் ரா பணி ஓய்வு பெற்றவன். தன் முதிய தாயின் ஓயாத ஏச்சுகளைக் கேட்டுக்கொண்டு தோட்டத்திலும் சந்தையிலும் நாளைக் கழிப்பவன். அவனிடமிருந்து அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. இங்கே கொன்றால் அது கொலை மட்டுமே, வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது.

அடுத்து நடப்பதை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். மழையில் மண்டியிட்டுக் கிடக்கும் அவன், அன்று நடந்ததை விவரிக்கிறான். தென்துருவத்தில் எஞ்சியிருக்கும் கடைசி நீர்வித்தகர் யார் என்று கேட்டுத்தான் அவன் கையாவின் வீட்டுக்குள் நுழைந்தான். அது நான்தான் என்று கையா சொன்னாள். அது பொய், உண்மையில் அந்தக் கடைசி நபர் அவளுடைய சின்ன மகள். மகளைக் காக்கத் தாய் தன் உயிரைக் கொடுத்தாள். இதை நினைவில் வைத்துக்கொண்டு, அதே காட்சியின் பிற்பகுதியைப் பாருங்கள். தன் உயிர் போய்விடும் என்று அஞ்சும் யான் ரா, நியாயம் என்று சொல்லி ஒரு பேரம் பேசுகிறான்: உன் தாயை நான் கொன்றேன், பதிலுக்கு என் தாயைக் கொன்றுகொள். ஒருத்தி பிள்ளைக்காகத் தன்னைத் தந்தவள். இவனோ தனக்காகப் பெற்றவளைத் தருகிறவன். இந்த இரண்டும் ஒரே உரையாடலுக்குள் எதிரெதிராக வைக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாகத் தன் கனவுகளில் பேருருவாக நின்ற கொலையாளிக்குள் எதுவுமே இல்லை என்பதைக் கட்டாரா அந்தக் கணத்தில் காண்கிறாள். அதை அவனிடமே சொல்லவும் செய்கிறாள்.

அவனைக் கண்டு இரங்கியதால் அவள் கையை மடக்கிக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. மழைநீரை உறையவைத்து அவள் ஏவிய பனிக்கத்திகள் அவனை நோக்கிப் பறந்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம்; முகத்துக்கு மிக அருகில் வந்தபிறகே அவை நிற்கின்றன. அந்த நேரத்தில் அவளைத் தடுக்க ஆங்கும் இல்லை, சோக்காவும் இல்லை. அருகில் நிற்கும் ஜூக்கோ தடுக்கப்போவதும் இல்லை. தன்னால் இதைச் செய்ய முடியவில்லை என்று அவள் சொல்வதில் பெருமிதம் துளியும் கிடையாது. தான் பலவீனமானவளா, பலமானவளா என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு அவள் குழம்புகிறாள். நற்செயல் ஒன்றைச் செய்தவர் தான் செய்தது நற்செயல்தானா என்பதை அறியாமல் தவிப்பதை, சிறுவர்களுக்கான தொடர் ஒன்று இத்தனை நேர்மையாகக் காட்டியிருப்பது என்னை வியக்கவைக்கிறது.

கேள்வி: யான் ராவைத் தேடும் வழியில் கப்பல் தலைவன் ஒருவனின் உடலிலுள்ள குருதியை இயக்கி அவனைப் பொம்மைபோல் மண்டியிட வைக்கிறாளே, அதைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை?

பதில்: பேச வேண்டிய காட்சிதான். இந்த வித்தையை அவளுக்குக் கற்பித்தவள் ஹாமா என்னும் மூதாட்டி. ‘தி பப்பெட்மாஸ்டர்’ அத்தியாயத்தில் அப்பாவி மக்களை முழுநிலவு நாள்களில் தன் வசப்படுத்திச் சிறைவைத்தவள் அவள். நெருப்பு நாட்டுச் சிறையில் வதைபட்டதால் அந்த நிலைக்கு வந்தவள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நண்பர்களைக் காப்பாற்ற வேறு வழியின்றி அந்த வித்தையைப் பயன்படுத்த நேர்ந்தபோது கட்டாரா கதறி அழுதாள். இந்த அத்தியாயத்தில் அவளே தயக்கமின்றி அதைக் கையிலெடுக்கிறாள். அதுவும் யார் மீது? முகத்தை உற்றுப் பார்த்த பிறகு, தான் தேடி வந்தவன் இவனில்லை என்று அவள் உணர்கிறாள். அந்தக் கொலையில் சம்பந்தமே இல்லாத ஒருவனை அவள் வதைத்திருக்கிறாள்.

ஒழுக்க அடிப்படையில் அவள் மிகத் தாழ்ந்த இடம் இந்தக் கப்பல்தான். யான் ராவின் ஊர்ப்பாதை அன்று. இதையே இந்த அத்தியாயத்தின் குறையாகவும் சொல்வேன். ஜூக்கோவின் முகத்தில் ஓரிரு நொடிகள் தெரியும் அதிர்ச்சியைத் தவிர, இந்தச் செயலுக்குக் கதை எந்த எதிர்வினையும் தருவதில்லை. திரும்பி வந்த பிறகு யாரும் அதைக் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சுமார் இருபத்து மூன்று நிமிடங்களில் முடிய வேண்டிய அத்தியாயத்தில் இடம் போதவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், யான் ராவைக் கொல்லாததை அவளுடைய வெற்றியாகக் கொண்டாடும் ரசிகர்கள், அந்தப் பெயரில்லாத கப்பல் தலைவனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கேள்வி: மன்னிப்பே சிறந்தது என்ற ஆங்கின் அறிவுரைதான் இறுதியில் வென்றது என்று கொள்ளலாமா?

பதில்: பாதி மட்டுமே. ஆங் வெறும் வாய்ப்பேச்சாக உபதேசிப்பவன் அல்லன். அவனுடைய இனம் முழுவதும் நெருப்பு நாட்டால் அழிக்கப்பட்டது. எனவே, மன்னிப்பைப் பற்றிப் பேசும் தகுதி அவனுக்கு உண்டு. அவளைத் தடுத்து நிறுத்த முடியாது என்பதை உணர்ந்ததும், தன் பறக்கும் காட்டெருமையான ஆப்பாவையே அவளுக்குக் கொடுத்தனுப்புகிறான். அந்த மனிதனை நேரில் எதிர்கொள்வது அவளுக்குத் தேவை என்று ஒப்புக்கொள்கிறான். அங்கே அவன் மிக உயர்ந்து நிற்கிறான்.

ஆனால், கட்டாரா திரும்பி வந்ததும், அவள் மன்னித்துவிட்டாள் என்று அவனாகவே எண்ணிப் பாராட்டத் தொடங்குகிறான். அவளோ, மன்னிக்கவில்லை, ஒருநாளும் மன்னிக்கப் போவதுமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறாள். பழிவாங்காமல் இருப்பதற்கு மன்னிப்பு முன்நிபந்தனை அல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி எனக்கு நினைவில்லை. பாதிக்கப்பட்டவரிடம், நீ மன்னித்தால்தான் நிம்மதி பெறுவாய் என்று சுற்றியிருப்பவர்கள் வற்புறுத்துவது எத்தனை பெரிய பாரம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பாரத்தைக் கட்டாரா ஏற்க மறுக்கிறாள். கதையும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளிடம் இருந்த மன்னிப்பு வேறொருவருக்குப் போகிறது: தவற்றை உணர்ந்து, அதைச் சரிசெய்ய உழைத்த ஜூக்கோவுக்கு. யான் ராவும் தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறான் என்பது உண்மைதான். ஆனால், அது உயிருக்குப் பயந்தவனின் கெஞ்சல்.

கேள்வி: ஜூக்கோ செய்தது உதவியா, தன்னலமா?

பதில்: இரண்டும். உன்னை ஏற்கவேண்டுமானால் என் தாயைத் திருப்பிக் கொண்டுவா என்று அவள் ஆத்திரத்தில் எறிந்த சொல்லை அவன் உண்மையிலேயே எடுத்துக்கொண்டு, சோக்காவிடம் விவரம் கேட்டு, தன்னால் முடிந்ததைச் செய்தான். அந்த அக்கறை பொய்யன்று. ஆனால், அவள் கொலை செய்தாலும் பரவாயில்லை, என்னை வெறுக்காமல் இருந்தால் போதும் என்ற நிலையில்தான் அவன் கிளம்பினான். அதை அவன் பின்னர் உணர்ந்து, ஆங் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்கிறான்.

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகள் இந்த அத்தியாயத்தைப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். கொலை திரையில் காட்டப்படுவதில்லை. தொடரின் முந்தைய பகுதிகளைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பார்த்து முடித்ததும் நீங்களாக விளக்கம் சொல்லத் தொடங்காமல், அவர்களைப் பேசவிடுங்கள்.

கேள்வி: அத்தியாயத்தின் இறுதியில் ஜூக்கோ ஆங்கிடம் கேட்கும் கேள்விக்குத் தொடர் சரியான விடை தந்ததா?

பதில்: வன்முறை ஒருபோதும் தீர்வாகாது என்று ஆங் சொன்னதும், அப்படியானால் என் தந்தையை எதிர்கொள்ளும்போது என்ன செய்யப்போகிறாய் என்று ஜூக்கோ கேட்கிறான். அமெரிக்காவில் இந்த அத்தியாயம் 2008 ஜூலை 17 அன்று ஒளிபரப்பானது. விடை இரண்டே நாள்களில், ஜூலை 19 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் வந்தது. ஜூக்கோவின் தந்தையான நெருப்பு மன்னன் ஓசாயைக் கொல்லாமல், அவனுடைய நெருப்பாற்றலைப் பறித்துவிடுகிறான் ஆங். அதற்கு முன், கடந்த பிறவிகளின் அவதார்களிடம் அவன் ஆலோசனை கேட்கும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். அவனைப் போலவே காற்றுத் துறவியாக இருந்த யாங்சென் கூட, உலகத்துக்காக உன் சொந்த அறத்தையும் துறக்க வேண்டியிருக்கும் என்றே சொல்கிறாள். அங்கே முரண்பாடு உண்மையான உச்சத்தைத் தொடுகிறது.

அதன் பிறகு பேருருக் கொண்ட சிங்க ஆமை ஒன்று அவனுக்கு ஆற்றலைப் பறிக்கும் வித்தையைக் கற்பித்துவிடுவதால், கொல்வது அல்லது உலகைக் கைவிடுவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் அவனுக்கு நீங்கிவிடுகிறது. ஆங்கின் உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அந்த வித்தையைப் பயன்படுத்தும்போது தன்னையே இழக்கும் ஆபத்து அவனுக்கு இருந்தது. எனினும், மூன்றாவது வழியொன்று அவனுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. கட்டாராவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. யான் ராவுக்குத் தண்டனை கிடைக்கவில்லை, அவள் தாயும் திரும்பவில்லை. கையில் இருந்த ஆற்றலை மீறி அவளே கத்திகளை நிறுத்தவேண்டியிருந்தது. அறுபத்தொரு அத்தியாயங்கள் கொண்ட இந்தத் தொடரில், அறச்சிக்கலை இறுதிவரை தளர்த்தாமல் கொண்டுசென்றது எது என்று கேட்டால், பிரம்மாண்டமான இறுதிப் போரைவிட இந்த அத்தியாயத்தையே நான் முன்னால் வைப்பேன்.