குதிரைக்குப் போடும் ஊசி நிபாவைத் தடுக்குமா?

கேள்வி: கேரளாவில், நிபா வந்த மலப்புறத்தில் படிக்கும் என் மகன் போன வாரம் பொள்ளாச்சிக்கு வந்தான். வந்ததும் இரண்டு நாள் காய்ச்சல். நிபா என்று தனி வார்டில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, மலப்புறம் என்று யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்தேன், காய்ச்சல் விட்டது. குதிரைகளுக்குப் போடும் ஹெண்ட்ரா தடுப்பூசி குரங்குகளை நிபாவிலிருந்து காப்பாற்றியதாக இணையத்தில் படித்தேன். அது நமக்குக் கிடைக்குமா? தட்டம்மை ஊசியும் இதே குடும்பம் என்கிறார்களே, போட்டுக்கொள்ளலாமா? வீட்டுப் புளியமரத்தில் வேறு வவ்வால்கள்.

பதில்: காய்ச்சல் விட்டு, பையன் நன்றாகச் சாப்பிட்டுத் தெளிவாகப் பேசுகிறான் என்றால், அது நிபாவாக இருந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு அம்மா. ஆனால் அசித்ரோமைசின்தான் குணப்படுத்தியது என்று நினைக்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. நிபா ஒரு வைரஸ், அதை இந்த மருந்து தொடக்கூடத் தொடாது.

குரங்குச் செய்தி உண்மைதான். ஹெண்ட்ரா என்ற வைரஸ் 1994-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளைக் கொன்றது. நிபா 1998-99-ல் மலேசியாவில் பன்றிகள் வழியாக மனிதருக்கு வந்தது. இரண்டும் பழந்தின்னி வவ்வால்களிடமிருந்து வந்தவை, அக்கா தங்கை மாதிரி. நம் செல்லைப் பற்றிக்கொள்ள இரண்டுக்குமே தங்கள் மேலுள்ள ஜி என்ற புரதம் வேண்டும். செல்லில் அவை பிடிக்கும் இடமும் ஒன்றே. அதனால் ஹெண்ட்ராவின் ஜி புரதத்தைக் காட்டிப் பழக்கினால் உடல் நிபாவையும் அடையாளம் கண்டுகொள்கிறது. நிபா வந்தால் மனிதரைப் போலவே நோயுறும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளுக்கு, குதிரை ஊசியிலும் உள்ள இந்தப் புரதத்தை மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசியாகப் போட்டு, பிறகு நிபாவைச் செலுத்தினார்கள். ஊசி போட்ட குரங்குகள் பிழைத்தன. 2012-ல் வந்த முடிவு இது, அருமையான முடிவு.

ஆனால் ஆய்வகத்தில் சில குரங்குகள் பிழைத்ததற்கும் உங்கள் மகன் கையில் ஊசி ஏறுவதற்கும் நடுவே பல வருட வேலை இருக்கிறது. அந்தப் புரதத்தை மனிதருக்குப் போட்டுப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை 2020-ல்தான் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வேறொரு நிபா ஊசிக்கு அதே சோதனை 2024-ல் தொடங்கியது. கடையில் வாங்கும் நிலைக்கு எதுவும் வரவில்லை. குதிரை ஊசி குதிரைக்குத்தான். கால்நடை மருந்துக் கடையில் விசாரிக்கும் வேலையெல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

தட்டம்மை தூரத்துச் சொந்தம். செல்லில் அது பிடிக்கும் இடமே வேறு. அந்த ஊசி தட்டம்மைக்கு நல்லது, நிபாவுக்கு உதவாது. வவ்வால்களை விரட்ட வேண்டாம், மரத்தையும் வெட்ட வேண்டாம். கடித்துப் போட்ட பழத்தை அரிந்துவிட்டு மீதியைத் தின்னாமல் முழுதாக எறியுங்கள், போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: காய்ச்சலோடு சேர்ந்து வரும் புத்தித் தடுமாற்றம். பெயரைக் கேட்டால் சரியாகச் சொல்வான், இன்று என்ன கிழமை என்றால் விழிப்பான். இப்போதுதான் பதில் சொன்ன கேள்வியைத் திரும்பக் கேட்பான். பட்டப்பகலில் எழுப்பினாலும் எழாமல் தூங்குவான். சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். இதில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது, தனி வார்டுக்குப் பயந்து ஊரையே மறைத்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா பெரும்பாலும் பரவியது வவ்வாலிடமிருந்து இல்லை, ஆஸ்பத்திரிகளுக்குள். முதல் நோயாளிக்கு வந்தது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் லினி இறந்துபோனார். அந்த முறை இறந்தவர்கள் 17 பேர். தெரியாமலே அவ்வளவு நடந்தது. நீங்கள் தெரிந்தே மறைக்கலாமா?

சரி, இப்போது செய்ய வேண்டியது. மலப்புறத்தில் உடம்பு சரியில்லாத யாரையாவது கவனித்துக்கொண்டானா, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனானா என்று மகனிடம் நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் இன்றே சுகாதார உதவி எண் 104-க்கு அழைத்துச் சொல்லுங்கள். இல்லை என்றால், அவன் ஊர் வந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அதற்குள் மறுபடி காய்ச்சல் வந்தால் தனி அறையில் முகக்கவசத்தோடு இருக்கட்டும், அப்போதும் 104-தான். தடுமாற்றமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108. பஸ்ஸில் கூட்டிப் போகாதீர்கள். ஆம்புலன்ஸ்காரரிடமும் ஆஸ்பத்திரி வாசலிலும் முதல் வார்த்தையாக ‘மலப்புறத்திலிருந்து வந்தவன்’ என்று சொல்லிவிடுங்கள்.